அவரை வெளிச்சம் பார்க்கிறது, மா குளிர் பார்க்கிறது

சென்னையின் மேற்குப் புறநகரில், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் அடுக்குமாடியாக மாறாமல் மிஞ்சியிருக்கும் தனி வீடுகளில் இரண்டு பயிர்களை அடுத்தடுத்துப் பார்க்கலாம். மதில் ஓரம் ஒரு மாமரம். அதன் நிழல் எட்டாத இடத்தில், கழியும் கயிறும் கட்டி ஏற்றிய அவரைப் பந்தல். ஆடியில் ஊன்றிய அவரை ஐப்பசிக்குப் பிறகு பூக்கத் தொடங்கி மார்கழி, தை முழுக்கக் காய்க்கும். மாமரம் மார்கழிக் கடைசியிலிருந்து பூக்கும். பொங்கல் குழம்புக்கு அவரையும் மொச்சையும் வீட்டிலேயே கிடைக்கும். மாசி, பங்குனியில் மாவடு ஜாடிக்குப் போகும். இரண்டும் பனிக்காலத்தில் பூப்பதால் இரண்டையும் பனிதான் பூக்க வைக்கிறது என்று நினைப்பது இயல்பு. "பனி விழ ஆரம்பிச்சா எல்லாம் தானா பூத்துடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் அதனால்தான்.

அது பாதிதான் உண்மை. பனி ஒழுங்காக விழும் ஆண்டுகளில் இந்த இரண்டு செடிகளுக்கும் உள்ள வேறுபாடு கண்ணில் படாது. குளிர் வராமலே தை பிறந்துவிடும் ஆண்டில்தான் அது வெளிப்படும். அப்போதும் அவரை தன் நாளில் பூத்து நிற்கும். மாமரமோ பூவுக்குப் பதிலாகச் செம்புநிறத் தளிரைத் தள்ளிக்கொண்டிருக்கும், அல்லது ஒரு கிளையில் பூவும் அடுத்த கிளையில் இலையுமாகக் குழம்பி நிற்கும். குளிர்காலம் மிதமாகிக்கொண்டே போனால் நம் தோட்டத்துக்கும் ஏரிக்கும் என்ன நேரும் என்று புரிந்துகொள்ள, இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

முதலில் இங்கே குளிர் என்பது எவ்வளவு என்று சொல்லிவிட வேண்டும். நுங்கம்பாக்கத்தில் ஜனவரி மாதத்தின் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலை 21 டிகிரி செல்சியஸை ஒட்டியது. கடலிலிருந்து தள்ளி இருப்பதால் மேற்குப் புறநகரில் காலை வேளை அதைவிடக் குளிர்ச்சி. வானம் துல்லியமாக இருக்கும் ஜனவரி விடியலில் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் 18, 17 என்று இறங்குவதுண்டு. சென்னையில் பதிவானதிலேயே மிகக் குறைவு 13.9 டிகிரி, அது நூறாண்டுக்கும் முந்தைய கதை. ஆக, நமக்குக் குளிர் என்றால் 17க்கும் 22க்கும் இடையில் உள்ள சில டிகிரிகள்தாம். லண்டன்காரருக்கு இது குளிரே அல்ல. மாமரத்துக்கு இந்தச் சில டிகிரிகளே பெரிய வேறுபாடு.

இந்தச் சில டிகிரிகள் எங்கிருந்து வருகின்றன என்பதும் முக்கியம். பகலில் வெயில் வாங்கிய மண், இரவில் அந்த வெப்பத்தை வானத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. மேகம் இல்லாமல், காற்றில் ஈரம் குறைந்து, வடக்கிலிருந்து உலர்ந்த காற்று மெல்ல வந்தால் வெப்பம் தடையில்லாமல் வெளியேறும்; விடியலில் பனி இறங்கும். மேகம் கவிந்திருந்தால் போன வெப்பம் பாதி திரும்பி வரும். வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு ஓயாமல் தைக்குள்ளும் நீளும் ஆண்டுகளில் இரவுகள் குளிராமல் போவதற்கு இதுதான் காரணம். 2021 ஜனவரியில் தமிழ்நாட்டில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மழை கொட்டியது. டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்து முளைவிட்டது. 2024ஆம் ஆண்டின் பருவமழை 2025 ஜனவரி 27 அன்றுதான் விலகியதாக வானிலைத் துறை அறிவித்தது. இவற்றோடு பெரிய சூடும் சேர்கிறது. 1901 முதல் உள்ள பதிவுகளில் இந்தியாவின் மிகச் சூடான ஆண்டு 2024. நாடு முழுவதற்குமான பிப்ரவரிப் பகல் வெப்பச் சராசரி 2023இல் எட்டிய உயரம், 1877 முதல் எந்தப் பிப்ரவரியிலும் இல்லாதது.

இனி அவரைக்கு வருவோம்.

1920இல் கார்னர், அல்லார்டு என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் ஒரு புகையிலைச் செடியைப் பற்றி எழுதினார்கள். மேரிலாண்ட் மாமத் என்ற அந்த ரகம் கோடை முழுக்கப் பூக்காமல் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்துகொண்டே போனது. உரம், ஈரம், வெப்பம் என்று எதை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. கடைசியில், பகலில் சில மணி நேரம் செடியை இருட்டுக்குள் நகர்த்தி வைத்தார்கள். பூத்துவிட்டது. பகல் குறைந்து இரவு நீண்டால் மட்டுமே பூக்கும் செடிகள் உண்டு என்று உலகம் அறிந்தது அப்போதுதான். நம் நாட்டு ரகப் பந்தல் அவரை அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. சாமந்தியும் அப்படியே. பழைய சம்பா நெல்லும் அப்படியே. அவற்றின் இலைகள் இருட்டின் நீளத்தை அளக்கின்றன. இரவு போதிய அளவு நீண்டதும் இலையிலிருந்து நுனிக்குச் செய்தி போகிறது, நுனி பூவாகிறது.

சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே சுமார் ஒன்றரை மணி நேரமே வேறுபாடு. டிசம்பர் 21ஐ ஒட்டிய பகல் 11 மணி 20 நிமிடம் சொச்சம். வடநாட்டையோ ஐரோப்பாவையோ பார்க்கையில் இது மிகச் சிறிய ஏற்ற இறக்கம். மனிதர் கவனிக்காத இந்த மாற்றத்தை அவரை பிசகாமல் அளந்துவிடுகிறது. ஆனியில் ஊன்றினாலும் ஆடியில் ஊன்றினாலும் அது ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் பூக்கும். சித்திரையில் ஊன்றினால் பந்தல் நிறையக் கொடிதான் மிஞ்சும். ஆடிப் பட்டம் தேடி விதைக்கச் சொன்னவர்களுக்குப் புகையிலை ஆராய்ச்சி தெரியாது. பல தலைமுறையாகப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். பிற்காலத்தில் வேளாண் ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கிய குத்து அவரை ரகங்களில் இந்த வெளிச்சக் கட்டுப்பாடு இல்லை. அவை எந்தப் பருவத்திலும் பூக்கும்.

குளிர்காலம் எவ்வளவு சூடானாலும் பகலின் நீளம் மாறாது. பூமியின் சாய்வும் சுற்றும் தீர்மானிக்கும் விஷயம் அது. அதனால் பனி பொய்த்தாலும் அவரை நாள் தவறாது. அதற்காக அதற்குப் பாதிப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பூ வருவது ஒன்று. பூ காயாவது வேறு. அவரையின் உறவான காராமணியில் இரவு வெப்பம் கூடினால் மகரந்தம் வலுவிழந்து பூ உதிரும் என்பது நன்கு ஆராயப்பட்டது. மேகமூட்டமான இதமான வானிலையில் கறுப்பு அசுவினி பூங்கொத்தை மொய்க்கும். காய்ப்புழு பூவைப் பின்னிக்கொண்டு உள்ளே தின்னும். பூ சரியான நாளில் வந்து, அதைத் தின்னும் பூச்சி முன்கூட்டியே பெருகியிருந்தால், நாள் தவறாமை செடிக்கு உதவாது. சாம்பல் தூவுவதும், வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து அடிப்பதும் இத்தகைய ஆண்டுகளில் வாரம் தவறாமல் செய்ய வேண்டிய வேலையாகிவிடும்.

மாமரத்தின் கணக்கு வேறு. அது பகலின் நீளத்தைப் பொருட்படுத்துவதில்லை. ஆய்வகத்தில் பகல் 30, இரவு 25 டிகிரியில் வைத்த மாஞ்செடிகள் இலையாகவே துளிர்த்தன. பகல் 15, இரவு 10 டிகிரியில் வைத்தவை பூத்தன. லக்னோ, மலிகாபாத் தோப்புகளில் குளிர் அவ்வளவு இறங்கும். சென்னையில் 10 டிகிரி வந்ததே இல்லையே, பிறகு இங்கே மா எப்படிப் பூக்கிறது? வெப்பமண்டலத்தில் மரம் இன்னொன்றையும் பார்க்கிறது. கடைசியாக விட்ட தளிர் முற்றிச் சில மாதங்கள் ஆகியிருக்க வேண்டும். புதுத்தளிர் விடாமல் மரம் ஓய்ந்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து, மார்கழியில் நின்று, மண் மெல்லக் காய்ந்து, அதே சமயம் இரவும் குளிர்ந்தால், முற்றிய நுனிகள் எல்லாம் ஒரே வாரத்தில் பூவாக உடைகின்றன. குளிர் போதாத குறையை முற்றிய இலையும் காய்ந்த மண்ணும் ஈடுகட்டுகின்றன. நம் ஊர் மாமரம் வாழ்ந்துவந்தது இந்த விளிம்பில்தான். 18 டிகிரி இரவுகளே அதற்கு ஒரு தள்ளுதல்.

அந்தத் தள்ளுதலும் போய், மழையும் தைக்குள் நீண்டால் மரம் இலையின் பக்கம் சாய்கிறது. ஈரமும் சூடும் சேர்ந்தால் தளிர் வரும். தளிர் வந்த நுனி மீண்டும் முற்றிப் பூக்க மாதங்கள் ஆகும். ஏற்கெனவே பூத்த கொத்தில் மழை விழுந்தால் மகரந்தம் கழுவிப் போகும், சாம்பல் நோய் பற்றும். மேற்குப் புறநகர்த் தோட்டங்களில் அடிக்கடி காணும் ருமானி, பங்கனபள்ளி, மல்கோவா எதுவும் இதற்கு விலக்கல்ல.

ஆனால் குளிர் கூடினால் மாவுக்கு நல்லது, குறைந்தால் கெட்டது என்று நேர்க்கோடு போட்டுவிடுவதும் தவறு. ஒரு மாம்பூங்கொத்தில் நூற்றுக்கணக்கில், சிலவற்றில் ஆயிரக்கணக்கில் பூக்கள் உண்டு. பெரும்பாலானவை ஆண்பூக்கள், காயாகக்கூடியவை இருபால் பூக்களே. கொத்து விரியும் நாட்களில் கடுங்குளிர் இருந்தால் இருபால் பூக்களின் விகிதம் குறைகிறது, மகரந்தமும் சரியாக முளைப்பதில்லை. அப்போது இதமான சூடு இருந்தால்தான் நல்லது. மரத்துக்குக் குளிர் முதலில் வேண்டும், பிறகு விலக வேண்டும். தை பிறந்தால் பனி மெல்லக் குறைந்து மாசியில் வெயில் ஏறும் நம் பழைய வரிசை அதற்குக் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. சூடான குளிர்காலம் கெடுப்பது வெப்ப அளவை மட்டும் அல்ல, இந்த வரிசையை.

அதோடு, ஒரே ஆண்டு காய்ப்பை வைத்துப் பருவநிலை மீது பழி போடவும் கூடாது. பங்கனபள்ளி ஓராண்டு குலுங்கக் காய்த்தால் மறு ஆண்டு ஓய்வெடுக்கும் இயல்புள்ளது. நீலம் ஆண்டு தவறாமல் காய்க்கக்கூடியது. 2025 ஜனவரியும் பிப்ரவரியும் நாடு முழுக்கச் சூடாக இருந்தும், அந்தக் கோடையில் கிருஷ்ணகிரி, சித்தூர் பகுதிகளில் பெங்களூரா மாங்காய் குவிந்து விலை சரிந்து விவசாயிகள் கலங்கி நின்றார்கள். ரகம், உயரம், மண், மழை நின்ற தேதி எல்லாம் சேர்ந்துதான் காய்ப்பைத் தீர்மானிக்கின்றன. சூடான குளிர்காலம் அந்தக் கூட்டில் ஒன்று. நான் வலியுறுத்துவது விளைச்சலின் அளவை அல்ல, பூக்கும் நாளின் ஒழுங்கை. ஒரே வாரத்தில் பூத்த மரம், பல தவணையாகப் பூக்கத் தொடங்குவதுதான் கவலைக்குரியது.

தவணைப் பூவின் விளைவைத் தத்துப்பூச்சியிடம் பார்க்கலாம். பூ இல்லாத மாதங்களில் அது பட்டை வெடிப்புகளில் ஒளிந்துகிடக்கும். பூங்கொத்து வந்ததும் ஏறிச் சாற்றை உறிஞ்சும். அது கழிக்கும் தேன்நீர் இலையில் பிசுபிசுவென்று படிந்து, அதன்மேல் கரும்பூசணம் வளரும். மரத்தடியில் நிறுத்திய ஸ்கூட்டர் சீட்டில் ஒட்டும் அந்தப் பிசுக்கை இப்பகுதிக்காரர்கள் நன்றாக அறிவார்கள். எல்லாக் கொத்தும் ஒன்றாகப் பூத்து ஒன்றாக முடிந்தால் பூச்சிக்கு உணவு சில வாரம்தான். மூன்று தவணையாகப் பூத்தால் அதற்குத் தலைமுறை தலைமுறையாகப் பந்தி. இதமான இரவில் பூச்சியின் வளர்ச்சியும் வேகம்.

இங்கே அவரையின் பக்கம் திரும்பி இன்னொன்றைச் சொல்ல வேண்டும். மாவுக்கு இரவின் சூடு எப்படியோ, வெளிச்சம் பார்க்கும் செடிகளுக்குத் தெருவிளக்கு அப்படி. விளக்கடியில் வளரும் சோயாவில் மற்ற பகுதி முற்றிக் காய்ந்த பிறகும் ஒரு வட்டம் பச்சையாகவே நிற்கும். இரவு நீளவில்லை என்று அந்தச் செடிகள் எண்ணிக்கொள்வதால் இந்தத் தாமதம். அவரைப் பந்தலை எல்.இ.டி. தெருவிளக்கின் நேர் எதிரே கட்டுபவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். பருவநிலை மாற்றம் பகலின் நீளத்தைத் தொட முடியாது என்று மேலே சொன்னேன். நகரம் அதையும் தொட்டுவிட்டது.

மாடித் தோட்டக்காரர்களுக்கு இந்த ஒப்பீடு வேறு வடிவில் வரும். ஐப்பசியில் ஆசையாகக் காலிபிளவர் நாற்று வாங்கி வைப்பார்கள். காலிபிளவர் பூக்கட்டுவது குளிரைப் பார்த்து. சூடு விலகாவிட்டால் இலை மேல் இலையாக விட்டுக்கொண்டே போகும். கட்டினாலும் சிறுத்து, பிரிந்து, மஞ்சளடிக்கும். பகல் வெயிலை வாங்கிய கான்கிரீட் தளம் இரவெல்லாம் தொட்டியைச் சூடாக்கிக்கொண்டிருப்பதால் தரையில் வைத்தவருக்கு வந்தது மாடியில் வைத்தவருக்கு வராமலும் போகலாம். பக்கத்துத் தொட்டிச் சாமந்தி மட்டும் எதையும் சட்டை செய்யாமல் மொட்டு விடும். இத்தகைய ஆண்டுகளில் புதிதாகத் தோட்டம் போட்டவர்கள் தம் கைப்பக்குவம் சரியில்லை என்று மனம் தளர்ந்துவிடுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. குறை அவர்களிடம் இல்லை.

சூடான குளிர்காலத்தால் ஆதாயம் அடையும் செடியும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. மல்லிகை குளிரை விரும்பாதது. மார்கழி, தையில் பனி கூடினால் மொட்டு குறையும். அதனால்தான் முகூர்த்த நாட்களில் மல்லி விலை ஆயிரங்களுக்கு ஏறுகிறது. காஞ்சி வரதருக்குப் பூந்தமல்லியிலிருந்து நாள்தோறும் பூ கொண்டுபோனதாக மரபு போற்றும் திருக்கச்சி நம்பியின் நந்தவனத்திலும் பனிநாட்களில் மல்லி குறைவாகத்தான் பூத்திருக்கும். பனி விலகினால் மல்லிக்குக் கொண்டாட்டம். மார்கழியின் குறையை நிரப்பி வந்தவை காக்கடாவும் டிசம்பர் பூவும் கனகாம்பரமும். மல்லி ஆண்டு முழுக்கக் கிடைத்தால் அவற்றை யார் வளர்ப்பார்கள் என்ற கவலை எனக்கு உண்டு.

தோட்டத்திலிருந்து ஏரிக்குப் போனால் அதே இரட்டை வரிசை விலங்குகளிடமும் இருக்கிறது. அவரையைப் போல வெளிச்சம் பார்ப்பவை வலசைப் பறவைகள். மாவைப் போல வெப்பம் பார்ப்பவை பூச்சிகள்.

கனடாவில் வில்லியம் ரோவன் என்பவர் 1920களில் சிறு குருவிகளைக் கூண்டில் வைத்து, கடுங்குளிரில், மின்விளக்கால் மட்டும் அவற்றின் பகலை நீட்டிப் பார்த்தார். சுற்றிலும் பனி உறைந்திருந்தும் அவற்றின் உடல் வசந்தத்துக்குத் தயாரானது. பறவையின் நாட்காட்டி பெருமளவு வெளிச்சத்தில் இருக்கிறது என்பதற்கு அது முதல் சான்றுகளில் ஒன்று. ஆவடிப் பருத்திப்பட்டு ஏரியிலும் அம்பத்தூரை அடுத்த கொரட்டூர் ஏரியிலும் பனிக்காலத்தில் இறங்கும் நீலச்சிறகியும் உள்ளான்களும் வாலாட்டிகளும் வடக்கே பகல் குறையத் தொடங்கியதும் புறப்பட்டவை. தோட்டத்துச் சருகைக் கிளறும் தோட்டக்கள்ளன் இமயத்தின் அடிவாரத்திலிருந்தும் நடு இந்தியாவிலிருந்தும் அக்டோபரில் வந்து சேர்கிறது. களைத்துப் போய் வீட்டு முற்றத்திலேயே விழுந்து கிடப்பதும் உண்டு. இங்கே பனி விழுந்ததா இல்லையா என்று புறப்படும் இடத்தில் அவற்றுக்குத் தெரியாது. திரும்பிப் போகும்போதும் வடக்கே வசந்தம் முந்திக்கொண்டதா என்று இங்கிருந்து தெரியாது.

பூச்சிக்கு உடல் சூடே வெளிச் சூடுதான். ஏடிஸ் கொசு நல்ல சூட்டில் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள் போதும். குளிர்ந்தால் அந்தக் காலம் நீளும். அதன் உடலுக்குள் டெங்குக் கிருமி பெருகும் வேகமும் வெப்பத்தோடு ஏறும். மழைக்குப் பிந்திய டெங்குக் காலத்தை மெல்ல அடக்கி வந்தவற்றில் தைப்பனியும் ஒன்று. பனி இல்லாவிட்டால் நீர் தேங்கிய தட்டையும் பழைய டயரையும் தேடி வரும் பணியாளருக்கு மாசியிலும் ஓய்வில்லை.

இந்த இரண்டு வகை உயிர்களும் தனித்தனியாக வாழ்ந்தால் சிக்கல் இல்லை. ஆனால் ஒன்று மற்றொன்றைத் தின்று வாழ்கிறது. இரண்டின் நாட்களும் விலகினால் அது எவ்வளவு கொடுமையாகும் என்று நெதர்லாந்தின் காடுகள் காட்டின. மேற்கு ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்பும் ஒரு ஈப்பிடிப்பான் குருவி, ஓக் மரத்துக் கம்பளிப்புழுக்கள் பெருகும் வாரத்தில் குஞ்சு பொரிக்கும். வசந்தம் சூடாகிப் புழுக்கள் முந்திக்கொண்டன. வெளிச்சம் பார்த்துக் கிளம்பும் குருவி அதே அளவு முந்த முடியவில்லை. புழு மிகவும் முந்திய காடுகளில் அந்தக் குருவியின் எண்ணிக்கை ஏறத்தாழ 90 விழுக்காடு வீழ்ந்ததாக 2006இல் வெளியான ஆய்வு சொன்னது. குளிரால் எந்தக் குருவியும் சாகவில்லை, சூட்டாலும் சாகவில்லை. நாள் பொருந்தாததால் அழிந்தன. பருத்திப்பட்டில் அதே கதை நடக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். நம் ஏரிக்கரையில் வெப்பத்தைவிட நீரின் ஆழம்தான் பறவைக்கு முதல் கேள்வி. கழிவுநீர் கலந்திருந்தால் அதுவே அதற்கும் முந்திய கேள்வி. ஆனால் வெளிச்சம் பார்த்து வரும் விருந்தாளியும் சூடு பார்த்துப் பெருகும் இரையும் பிரியும் வழி எல்லா நாட்டிலும் ஒன்றே.

மழையையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்த ஒப்பீடு நேர்மையாகாது. முருங்கை ஈரம் காய்வதைப் பார்க்கிறது, தவளை முதல் பெருமழையைப் பார்க்கிறது. 2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பர் 12இல் வந்த வர்தா புயல், 2023 டிசம்பர் தொடக்கத்து மிக்ஜாம் புயல் என்று நம் குளிர்காலங்கள் நீராலும் காற்றாலும் அடிபட்டுக்கொண்டே இருக்கின்றன. மிக்ஜாமில் நீர் நின்ற வீடுகளில் வேர் அழுகி முதலில் கருகியது அவரைப் பந்தல். மாமரம் நின்றது. வெளிச்சக் கணக்கில் தேறிய செடி நீர்க் கணக்கில் தோற்றது. குளிர்க் கணக்கில் தடுமாறும் மரம் வெள்ளத்தைத் தாங்கியது. எது பலமான செடி என்று ஒரே பரீட்சையில் முடிவு கட்ட முடியாது என்பதற்கு இது போதும்.

குளிர் போவதில் நம்முடைய பங்கு எவ்வளவு என்பதுதான் அடுத்துக் கேட்க வேண்டியது. வங்கக்கடல் சூடாவதையும் பூமியின் சராசரி ஏறுவதையும் ஆவடி மாநகராட்சியால் தனியாக நிறுத்த முடியாது. ஆனால் நகரத்தின் சூடு பெரும்பாலும் இரவில்தான் தெரிகிறது. ஈர மண்ணும் வயலும் தோப்பும் சூரியன் சாய்ந்ததும் குளிர்ந்துவிடும். தாரும் கான்கிரீட்டும் வாங்கிய வெப்பத்தை விடியும்வரை உமிழ்ந்துகொண்டிருக்கும். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960களில் எழுந்தபோது அதைச் சுற்றி வயலும் ஏரிப் பாசனமும் இருந்தன. இன்று பூந்தமல்லி நெடுஞ்சாலையின் இருபுறமும், திருமுல்லைவாயிலிலும், பட்டாபிராமிலும் வீட்டு முற்றம் வரை சிமென்ட் போட்டுவிட்டோம். மேற்குப் புறநகர் நகரத்தைவிடக் குளிர்ந்திருந்ததற்குக் கடலின் தூரம் ஒரு காரணம் என்றால், திறந்த மண் இன்னொரு காரணம். கடலின் தூரம் அப்படியே இருக்கிறது. மண்தான் மூடிக்கொண்டது. மாமரம் இழந்த குளிரில் ஒரு பகுதி நாமே தெருவுக்குத் தெரு கொட்டிய கான்கிரீட்டில் புதைந்திருக்கிறது; அந்தப் பகுதியை மீட்க முடியும் என்பது என் உறுதியான கருத்து. ஏரியின் பரப்பைக் காப்பது, முற்றத்தில் ஒரு பகுதியையாவது மண்ணாக விடுவது, மரத்தடியை அடிமரம்வரை பூசி மூடாமல் இருப்பது எல்லாம் வெள்ளத்துக்காகச் சொல்லப்படுகின்றன. குளிருக்காகவும் சொல்லப்பட வேண்டும்.

இங்கிலாந்தில் நார்ஃபோக் பகுதியில் ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் 1736 முதல், முதல் பூ, முதல் இலை, முதல் குருவி வந்த தேதிகளைக் குறித்து வைத்தார். அவர் குடும்பத்தார் 1958 வரை தொடர்ந்தார்கள். இன்று அந்நாட்டில் வசந்தம் எத்தனை நாள் முந்தியது என்று பேச முடிவது அத்தகைய குறிப்பேடுகளால். சென்னையில் 1796 முதல் வெப்பநிலை அளக்கப்பட்டு வருகிறது. அந்தப் பெருமைக்குரிய தொடர்ச்சிக்குப் பக்கத்தில் வைக்க, மாமரமும் அவரையும் பூத்த தேதிகள் வேண்டும். கேரளப் பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் கொன்றையும் மாவும் பலாவும் பூக்கும் வாரங்களை ‘சீசன்வாட்ச்’ என்ற திட்டத்தில் பல ஆண்டுகளாகப் பதிந்துவருகிறார்கள். அதில் யாரும் சேரலாம்.

ஆகவே மேற்குப் புறநகரில் ஒரு மரமோ ஒரு தொட்டியோ வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொள்கிறேன். வரும் கார்த்திகையிலிருந்து, வீட்டுக் காலண்டரிலேயே போதும், அவரையில் முதல் பூ வந்த நாள், மாமரத்தில் முதல் கொத்து விரிந்த நாள், கடைசியாக மழை பெய்த நாள், இந்த மூன்றையும் குறித்து வையுங்கள். மரம் பூக்காமல் தளிர் விட்டால் அதையும் எழுதுங்கள். தெரு பெயரையும் சேர்த்து எழுதுங்கள். அம்பத்தூர் எஸ்டேட் பக்கத்து மரமும் மாங்காட்டுத் தோட்டத்து மரமும் ஒரே வாரத்தில் பூக்க வேண்டியதில்லை. ஆண்டு முடிந்ததும் அந்தக் காலண்டரைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.